பச்சை வாசனை போகும்வரை: ‘சமைத்துப் பார்’ சொன்னதும் சொல்லாததும்

தமிழில் நாவலுக்கு விமர்சனம் உண்டு, சினிமாவுக்கு உண்டு, ஹோட்டல் சாப்பாட்டுக்குக்கூட உண்டு. சமையல் புத்தகத்துக்கு மட்டும் யாரும் அதிகமாக விமர்சனம் எழுதுவதில்லை. எழுதினாலும் அது பெரும்பாலும் நினைவஞ்சலி மாதிரி இருக்கும். “எங்க வீட்ல பாட்டி காலத்துப் பிரதி ஒண்ணு இருந்தது, அட்டை கிழிஞ்சு, பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை” என்று ஆரம்பித்து, அந்தக் கறையோடயே முடிந்துவிடும். புத்தகம் வேலை செய்கிறதா என்ற கேள்வி வருவதே இல்லை.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ நூலை அந்தக் கேள்வியோடுதான் வாசித்தேன். முதல் பாகம் வெளிவந்தது 1951-ல். இன்றுவரை அச்சில் இருக்கிறது, ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. இளம் வயதிலேயே கணவரை இழந்த ஒரு பெண், குடும்பத்தில் எல்லாரும் சமையல் குறிப்பு கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்ததால், உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயரின் ஊக்கத்தில் அதையெல்லாம் புத்தகமாக்கினார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. எனக்கு வேண்டியது வேறு. காயை மட்டும் வைத்து, ருசியாக ஒரு சாப்பாடு செய்ய இந்தப் புத்தகம் எவ்வளவு தூரம் கற்றுத்தருகிறது? எங்கே கைவிடுகிறது?

இந்தக் கேள்வி பொழுதுபோக்காக வந்ததல்ல. அம்மா போனபிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். வயது எழுபத்தாறு. ரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் இரவு வேலை, அந்த நாட்களில் அடுப்பு என் பொறுப்பு. அப்பா குறை சொல்கிற ஆளில்லை. தட்டில் காயை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, “போதும்ப்பா” என்று எழுந்துவிடுவார். நாலு மாசத்தில் ஐந்து கிலோ இறங்கிவிட்டார். அப்போதுதான் காய்க்கு ருசி எங்கிருந்து வருகிறது என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

1. அளவு என்கிற புரட்சி

முதலில் இந்தப் புத்தகத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 1951-ல் இதன் புதுமை ருசியில் இல்லை, அளவில் இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பிலும் முதலில் சாமான் பட்டியல், அதற்கு அளவு, அப்புறம் செய்முறை. இன்றைக்கு இது சாதாரணம். கண்ணாலும் கையாலும் அளந்துகொண்டிருந்த ஒரு சமையலறையிலிருந்து இதை எடுத்து எழுதுவது சாதாரணம் இல்லை. “கொஞ்சம் புளி, ஒரு கை பருப்பு” என்று சொல்லிப் பழகியவரிடம் உட்கார்ந்து விவரம் வாங்கிப் பாருங்க, தெரியும்! நான் வேலையில் செய்வது கிட்டத்தட்ட இதேதான். இருபது வருஷம் அனுபவமுள்ள ஒரு கணக்கரிடம் உட்கார்ந்து, அவர் தலைக்குள் இருக்கும் விதிகளை எழுதி வாங்குவது. அவருக்கு அது விதி என்றே தெரியாது. “அது அப்படித்தான் சார்” என்பார்.

பழைய பதிப்புகளில் அளவுகள் ஆழாக்கு, பலம், வீசை. எட்டு ஆழாக்கு ஒரு படி. நாற்பது பலம் ஒரு வீசை. சென்னை வழக்கில் ஒரு வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, அதாவது ஒரு பலம் சுமார் 35 கிராம். எடையில் பெரிய சிக்கல் இல்லை. படிதான் ஊருக்கு ஊர் மாறும். பட்டணம் படி வேறு, சின்னப்படி வேறு. 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் முறை கட்டாயமானபோது, இந்தப் புத்தகத்தின் அஸ்திவாரமே மாறிவிட்டது. பின்னால் வந்த பதிப்புகள் கிராமுக்கும் கப்புக்கும் மாறின. ஆனாலும் குறிப்புகள் உடைந்துபோகவில்லை. காரணம், ஒரு குறிப்புக்குள் எல்லாம் ஒன்றுக்கொன்று விகிதத்தில் இருக்கின்றன. ஆழாக்கு எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் அளந்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

இன்றைய வாரப் பத்திரிகைக் குறிப்புகளில் “உப்பு, எண்ணெய் – தேவையான அளவு” என்று போட்டுவிடுகிறார்கள். எவ்வளவு தேவை என்று தெரிந்தவனுக்குப் புத்தகமே தேவையில்லையே! அந்த வகையில் நாம் 1951-க்கு முன்னால் போய்விட்டோம்.

2. நேரம் அல்ல, அடையாளம்

தமிழ்ச் சமையல் குறிப்புகள் எல்லாவற்றிலும் வரும் சில சொற்கள் உண்டு. பச்சை வாசனை போகும்வரை, பொன்னிறமாக, பதமாக, எண்ணெய் பிரியும்வரை. ஆங்கிலக் குறிப்புகளைப் படித்துப் பழகியவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். “எத்தனை நிமிஷம்னு சொல்லுங்க.”

இதில் நான் பழைய முறையின் பக்கம். பத்து நிமிடம் என்பது என் அடுப்பு, என் பாத்திரம், என் தண்ணீர் ஆகிய எல்லாவற்றையும் சார்ந்தது. விறகடுப்பில் கல்சட்டியில் கொதிக்கும் குழம்புக்கும் இண்டக்ஷன் அடுப்பில் மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் குழம்புக்கும் பத்து நிமிடம் ஒன்றல்ல. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு வேலை முடிய பத்து விநாடி காத்திரு என்று எழுதுவது மோசமான நிரல். வேலை முடிந்ததா என்று பார்த்துக்கொண்டே இரு என்று எழுதுவதுதான் சரி. ‘பச்சை வாசனை போகும்வரை’ இரண்டாவது வகை.

அதன் பின்னால் வேதியியலும் இருக்கிறது. புளிக்கு வாசனை தருவது எளிதில் ஆவியாகிற பொருட்கள். கொதிக்கக் கொதிக்க அவை வெளியேறிவிடும். புளிப்பைத் தருவது முக்கியமாக டார்டாரிக் அமிலம், அது ஆவியாகாது. ஆகவே வாசனை போகும், புளிப்பு நிற்கும், தண்ணீர் வற்ற வற்ற புளிப்பு இன்னும் கெட்டிப்படும். மூக்கு நமக்குச் சொல்வது துல்லியமான தகவல்தான்.

ஆனால் இந்த அடையாளங்கள் ஒருமுறையாவது முகர்ந்தவருக்குத்தான் அர்த்தமாகும். பச்சை வாசனை எது, போனபிறகு என்ன வாசனை என்று அறியாதவருக்கு அந்தச் சொல் வெறும் ஓசை. இந்தப் புத்தகம் புதிதாகச் சமைப்பவருக்காக எழுதப்பட்டது. ஆனால் அதன் கற்பனையில் அந்தப் புதியவர் ஒரு சமையலறைக்குள் வளர்ந்த பெண். கேட்டு, முகர்ந்து, தேங்காய் துருவிக்கொடுத்து, பாதி தெரிந்தவள். அவளுக்கு இல்லாதது அளவு மட்டும்தான். என்னைப் போல நாற்பது வயதுவரை காபி மட்டும் போடத்தெரிந்த ஆண் அந்தப் பக்கங்களில் எங்கும் இல்லை. 1951-ல் அப்படி எழுதியதில் தப்பொன்றும் இல்லை. இன்றைக்குப் புதிதாக எழுதுகிறவர்களும் அதே வாசகியை நினைத்துக்கொண்டு எழுதுவதுதான் குறை.

3. வரிசை சொல்கிறது, காரணம் சொல்லவில்லை

இந்த நூலின் பெரிய பலம் வரிசை. எதை முதலில் வேகவிட வேண்டும், எதை அரைத்து எப்போது விட வேண்டும், எதைக் கடைசியில் தாளிக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பெரிய பலவீனம், ஏன் அந்த வரிசை என்று சொல்வதில்லை. வீட்டுச் சமையலறை மாறாதவரை காரணம் தேவைப்படாது. ஊர் மாறினால், தண்ணீர் மாறினால், அடுப்பு மாறினால், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னால், காரணம் தெரியாமல் எதையும் மாற்ற முடியாது. சில உதாரணங்கள்:

புளியும் பருப்பும். பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து, காயும் வெந்த பிறகே புளி சேர வேண்டும். செடியின் செல்சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் போன்ற பொருட்கள் அமிலத்தில் எளிதில் கரையாது. அதனால் புளித்தண்ணீரில் பச்சைக் காயைப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். உப்புத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாததும் இதற்குப் பக்கத்துக் கதைதான். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீர் வரும் நாளில் பருப்பு சீக்கிரம் குழையும், போர்வெல் நாளில் இரண்டு விசில் கூடுதலாக வேண்டும். காரணம் தெரிந்தால் பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் வைத்துக்கொள்ளலாம்.

தாளிப்பு. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெய் தாண்டும். உளுத்தம்பருப்பு சிவப்பதும், அந்த வறுத்த வாசனை வருவதும் அதற்கு மேலே உள்ள சூட்டில்தான் வேகமாக நடக்கும். கறிவேப்பிலை, பெருங்காயம், மிளகாய் இவற்றின் வாசனைப் பொருட்கள் எண்ணெயில் நன்றாகக் கரைபவை. எண்ணெய் அவற்றை எடுத்து, குழம்பின் மேல்பரப்பு முழுக்கப் பரப்பிவிடுகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் செய்கிற தாளிப்பு, ஒரு பெரிய பாத்திரத்து ருசியையே மாற்றுவது இதனால்தான்.

கடுகு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். தாளித்த கடுகில் காரமே இருக்காது, பருப்பு மாதிரி ஒரு வாசனைதான். அதே கடுகைப் பச்சையாகத் தேங்காயோடு அரைத்துத் தயிர்ப் பச்சடியில் கலந்தால் மூக்கில் ஏறும். கடுகுக்குள் அந்தக் காரம் தயாராக இருப்பதில்லை. நசுங்கி ஈரம் படும்போது, ஒரு நொதி வேலைசெய்து அதை உருவாக்குகிறது. கொதிக்கும் எண்ணெய் அந்த நொதியைக் கொன்றுவிடும். ஒரே அஞ்சறைப்பெட்டிக் கடுகு, இரண்டு வேறு சாமான். நம் சமையலில் இரண்டுமே உண்டு என்பது எவ்வளவு நுட்பமான விஷயம்! அதைச் சொல்ல ஒரு வரி போதும். புத்தகங்கள் அந்த ஒரு வரியைத்தான் எழுதுவதில்லை.

கீரை. மூடாமல் வேகவை என்பார்கள். கீரையிலிருந்து வெளிவரும் அமிலங்கள் ஆவியோடு போய்விட்டால் பச்சை நிறம் கொஞ்ச நேரம் நிற்கும். மூடிவைத்தால் அவை திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்து, பச்சை மங்கிப் பழுப்பாகும். வெண்டைக்காயைக் கழுவி, துடைத்து, பிறகே நறுக்க வேண்டும் என்பதும் இப்படித்தான். அதன் கொழகொழப்பு தண்ணீரில் கரைந்து பரவுகிற பொருள், நறுக்கின இடத்தில் ஈரம் பட்டால் வாணலி முழுக்க நூல்தான்.

4. கைமணம் என்கிற தப்பித்தல்

காரணம் எழுதப்படாத இடத்தை நாம் ஒரு அழகான சொல்லால் நிரப்புகிறோம்: கைமணம். “என்ன பண்ணாலும் எங்கம்மா கைமணம் வராது.” இந்த வாக்கியத்தை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன், அன்போடுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரு மரியாதையான சாக்கு. அந்தக் கையின் சொந்தக்காரி நாற்பது வருஷம் தினமும் இரண்டு வேளை செய்த சோதனைகளை, பிறவியிலேயே வந்த வரம் மாதிரி ஆக்கிவிடுகிறது. உழைப்பை மறைத்துவிட்டுப் புகழ்வது.

மீனாட்சி அம்மாளின் தலைப்பே இதற்குப் பதில். ‘சமைத்துப் பார்’ என்பதை ஏவலாகவும் படிக்கலாம், முறையாகவும் படிக்கலாம். செய், பார், திருத்து. கைமணம் என்று ஒன்று இருப்பதாக நம்பியவர் அளவு போட்டுப் புத்தகம் எழுதியிருக்க மாட்டார். அந்த வகையில் அவர் என் கட்சி.

அப்பாவின் தட்டுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ஏறக்குறைய தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, ஊறுகாய் அப்பளம் எல்லாம் சேர்த்து. சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். பழைய முறையில் பொரியலுக்குக் காயோடு சேர்த்தே உப்பைப் போடுவோம். உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், காய் அந்தத் தண்ணீரிலேயே வேகும். மென்மையாக வரும், ஆனால் சிவக்காது. உப்பும் காய்க்குள் போய்விடுவதால் நாக்குக்கு எட்டுவது கொஞ்சம்தான். நான் வரிசையை மாற்றினேன். அகலமான இரும்பு வாணலி, காயை நெருக்காமல் ஒரே அடுக்காகப் பரப்புவது, நாலு பக்கமும் லேசாகச் சிவக்க விடுவது, இறக்கும்போது பொடி உப்பைத் தூவிப் புரட்டுவது, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. உப்பு மேலாகவே இருப்பதால் பாதி அளவு போதுமாக இருந்தது. புளிப்பு மீதிக் குறையை ஈடுகட்டியது. வறுத்த கொத்தமல்லி விதையும் கடலைப்பருப்பும் தேங்காயும் கரகரவென்று பொடித்துத் தூவினால் உப்பு குறைவு என்பதே தெரிவதில்லை.

புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்திருந்தால் இது கிடைத்திருக்காது. புத்தகம் இல்லாமல் இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது. எந்தப் பருப்போடு எந்தக் காய், எந்தக் காய்க்குத் தேங்காய், எதற்குப் பொடி என்கிற சேர்மானங்கள் எல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான்.

5. யாருடைய சைவம்?

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ‘சமைத்துப் பார்’ ஒரு தமிழ்ப் பிராமண வீட்டின் சமையல். அதில் ஒளிவு மறைவு இல்லை. விசேஷ நாள் சமையல், கல்யாண ஏற்பாடுகள் என்று விரிகிற பாகங்களைப் பார்த்தாலே எந்த வீட்டைப் பற்றிய புத்தகம் என்று புரிந்துவிடும். பிரச்சினை நூலில் இல்லை, அதை நாம் வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு மரக்கறிச் சமையல் என்றாலே இந்தப் புத்தகத்தை மட்டும் நீட்டுகிறோம். கல்யாண மண்டபத்து இலையும் இதே வாய்ப்பாடு.

ஆனால் காயை ருசியாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் சைவக்காரர்கள் மட்டுமா? வாரத்தில் ஒருநாள் கறியும் மீனும் வாங்க முடிந்த வீடுகளில் மற்ற ஆறு நாளும் என்ன சாப்பிட்டார்கள்? காய்தான், கீரைதான், பயறுதான். திருநெல்வேலியின் சொதி, தேங்காயின் முதல் பாலையும் இரண்டாம் பாலையும் பிரித்துப் பயன்படுத்தி, முதல் பாலைக் கொதிக்கவிடாமல் கடைசியில் சேர்க்கிற நுட்பம். நாஞ்சில் நாட்டுத் தீயல், தேங்காயைக் கருகும் விளிம்புவரை வறுத்து அரைப்பது. கொங்கு நாட்டின் கொள்ளு. சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்கிய கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மொச்சையும் கருவாட்டுக் குழம்பின் மசாலாவும் சேர்ந்த, கருவாடே இல்லாத குழம்பு. இவையெல்லாம் வெங்காயம், பூண்டு, தேங்காயை வறுக்கும் ஆழம் ஆகியவற்றால் ருசி ஏற்றுகிற வேறொரு இலக்கணம்.

எங்கள் வீடு இரண்டாவது இலக்கணத்து வீடு. அப்பா ஒதுக்கிவைத்த பொரியல்களில் பாதி நான் ‘ஆரோக்கியம்’ என்று நினைத்துச் செய்த, மஞ்சளும் தேங்காயும் மட்டும் போட்ட வெளுத்த பொரியல்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் நசுக்கி வதக்கிப் போட்ட அன்றைக்குப் பீர்க்கங்காய்கூடத் தட்டில் மிச்சமில்லை. “உங்கம்மா இதுல மிளகு தட்டிப் போடுவா” என்றார். அம்மாவின் முறையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் தகவல் அது. அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்து எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை பதினேழு சமையல். அளவு அவருக்குத் தெரியாது. ஆனால் வாசனை தெரியும், நிறம் தெரியும், எது தட்டில் எப்படி விழும் என்று தெரியும். நான் செய்துபோடுகிறேன், அவர் “இன்னும் கொஞ்சம் கெட்டி” என்கிறார், நான் கிராமில் எழுதிக்கொள்கிறேன்.

ஆக, என் மதிப்பீடு இதுதான். ‘சமைத்துப் பார்’ தன் காலத்துக்கு மிகத் துணிச்சலான ஆவணம், இன்றைக்கும் சேர்மானத்துக்கும் வரிசைக்கும் நம்பகமான கையேடு. காரணம் தேடுகிறவர்கள் ஹரால்ட் மெக்கீயின் 1984-ல் வந்த சமையல் அறிவியல் புத்தகம் மாதிரியான ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாதிரி ஒன்று தமிழில், நம் புளிக்கும் பருப்புக்கும் கடுகுக்கும் எழுதப்பட வேண்டும். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. மீனாட்சி அம்மாள் தன் வீட்டுக்குச் செய்ததை மற்ற வீடுகளுக்கும் யாராவது செய்தாக வேண்டும். வேதியியல் புத்தகத்தை இன்னும் இருபது வருஷம் கழித்தும் எழுதிக்கொள்ளலாம். எழுபத்தாறு வயது நாக்கு அவ்வளவு நாள் காத்திருக்காது.